பட்டதாரியின் கொட்டிவாக்கம்: அன்றும் இன்றும்

திருவான்மியூரைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் அடுத்த ஊர் கொட்டிவாக்கம். கிழக்கே குப்பமும் கடலும். மேற்கே பக்கிங்காம் கால்வாயைக் கடந்தால் பழைய மகாபலிபுரம் சாலை. நிதானமாக நடந்தே இந்த அகலத்தைக் கடந்துவிடலாம். அதற்குள் மூன்று விதப் பிழைப்பு அடுத்தடுத்து இருக்கிறது: கடலை நம்பியது, சர்க்கார் உத்தியோகத்தை நம்பியது, கணினியை நம்பியது. படிப்புக்கு இந்த மூன்றிலும் மூன்று மதிப்பு. அந்த மதிப்புகள் ஐம்பது வருஷத்தில் இடம் மாறியிருக்கின்றன.

இங்கே ஏ.ஜி.எஸ். காலனி என்று ஒரு குடியிருப்பு உண்டு. அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலக ஊழியர்களின் பெயரைத் தாங்கியது. சென்னையில் வேறு இடங்களிலும் இதே பெயரில் காலனிகள் இருக்கின்றன. மத்திய அரசுக் கணக்கு அலுவலகத்தில் நாற்காலி கிடைத்த ஒருவர், கடன் போட்டு ஊருக்கு வெளியே ஒரு மனை வாங்குவது ஒரு தலைமுறையின் வாழ்க்கைத் திட்டம். அன்று கொட்டிவாக்கம் ஊருக்கு வெளியேதான் இருந்தது. மணலும் சவுக்குத் தோப்பும். 2011 அக்டோபர் வரை ஊராட்சி. அதன் பிறகுதான் சென்னை மாநகராட்சி. மனை வாங்கியவரின் கணக்கு எளிமையானது. இருபத்திரண்டு வயதில் பி.ஏ. அல்லது பி.காம்., எழுத்துத் தேர்வு, பணி உத்தரவு, ஐம்பத்தெட்டில் ஓய்வு. பட்டம் என்ன பாடத்தில் என்று அதிகம் பேர் கேட்கவில்லை. வரலாறு படித்தவர் தணிக்கைப் பிரிவில் உட்கார்ந்தார். விலங்கியல் படித்தவர் வங்கியில் லெட்ஜர் எழுதினார். ஆங்கிலத்தில் ஒரு கடிதம் பிழையில்லாமல் எழுத வரும், கூட்டல் தப்பாது என்பதற்கு அத்தாட்சியாகப் பட்டம் இருந்தது. அதற்கு மேல் அதனிடம் யாரும் எதிர்பார்க்கவில்லை.

பட்டம் இல்லாதவருக்கும் வழி இருந்தது. 1978-ல் மேல்நிலை வகுப்புகள் வருமுன் பள்ளிப் படிப்பு பதினோராம் வகுப்போடு, எஸ்.எஸ்.எல்.சி.யோடு முடிந்தது. அதற்கு மேல் பி.யு.சி. ஒரு வருஷம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பையனோ பெண்ணோ செய்யும் முதல் காரியம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேருவது. மயிலாப்பூரிலும் அடையாறிலும் தி.நகரிலும் மாடிப்படிக்குக் கீழே, மருந்துக் கடைக்கு மேலே என்று இடம் கிடைத்த இடத்திலெல்லாம் இவை இருந்தன. ரெமிங்டன், ஹால்டா, சென்னையிலேயே தயாரான ஃபேசிட். ஒரு மணி நேர வகுப்பு. தாமதமாக வந்தால் நல்ல மிஷின் போய்விடும், ரிப்பன் தேய்ந்ததுதான் மிச்சம். ஏ, எஸ், டி, எஃப் என்று இடது கை விரல்கள் பழகி முடிக்க ஒரு வாரம். லோயர் என்றால் நிமிடத்துக்கு 30 சொல், ஹையர் என்றால் 45. கூடவே பிட்மன் சுருக்கெழுத்து பழகியவருக்கு ஸ்டெனோ வேலை. அதைப் பட்டதாரிகள்கூடப் பொறாமையோடு பார்த்தார்கள். ஆறு மாதப் பயிற்சி, சொற்பச் சம்பளம் கட்டினால் போதும். கையில் ஒரு தொழில்.

சான்றிதழை எடுத்துக்கொண்டு அடுத்துப் போக வேண்டிய இடம் வேலைவாய்ப்பு அலுவலகம். படித்து முடித்தவர்கள் பதிவு அட்டையை ரேஷன் கார்டுக்கு அடுத்தபடியாகப் பத்திரப்படுத்தினார்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மறந்தால் சீனியாரிட்டி போய்விடும். தொழிற்கல்விப் பட்டதாரிகளுக்கு அன்று சாந்தோமில் தனி அலுவலகம். காலிப் பணியிடங்களை முதலாளிகள் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1959-ல் வந்தது. அரசுத் துறைகள் ஆள் கேட்கும். அலுவலகம் பதிவு வரிசைப்படி பெயர் அனுப்பும். அஞ்சலில் நேர்முக அழைப்பு வரும். வரிசையில் நின்றால் ஒரு நாள் முறை வரும் என்ற நம்பிக்கைதான் அதன் அஸ்திவாரம். 1996-ல் உச்ச நீதிமன்றம், அலுவலகம் அனுப்பும் பட்டியல் மட்டும் போதாது, பொது விளம்பரமும் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பலருக்கும் வாய்ப்பு என்ற வகையில் அது நியாயமே. ஆனால் பதினைந்து வருஷம் காத்திருந்தவரின் அட்டை அன்றோடு பாதி மதிப்பிழந்தது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. 1980-ல் வெளிவந்த ‘வறுமையின் நிறம் சிவப்பு’ படத்தில் படித்த இளைஞன் கடைசியில் முடிதிருத்தும் கடையில் வேலைக்குச் சேருகிறான். அன்றைய பார்வையாளர்களுக்கு அது கற்பனையாகத் தோன்றவில்லை. பட்டதாரிக்கு வேலையில்லை என்ற புலம்பல் எழுபதுகளிலேயே பழகிப்போன ஒன்று. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பட்டம் அன்று கதவைத் திறந்தது என்றால், பட்டம் வாங்கியவர் குறைவு என்பதால்தான் திறந்தது. அந்தக் குறைவில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்பது கொட்டிவாக்கத்தின் கிழக்கு முனையைப் பார்த்தால் தெரியும். காலனிக்கும் குப்பத்துக்கும் நடுவே நடை தூரம்தான். குப்பத்துப் பையன் எட்டாவதோடு வலை பிடித்தான். பெண்ணுக்கு அதுவும் இல்லை. தலையில் கூடை ஏறியது.

இனி மேற்குப் பக்கம். கொட்டிவாக்கத்துக்கு அருகில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு பேருந்து நிறுத்தத்தின் பெயர் ‘எஸ்.ஆர்.பி. டூல்ஸ்’. தொழிற்சாலையின் பெயர். இன்று அங்கே இறங்குபவர்களில் பெரும்பாலோர் கழுத்தில் அடையாள அட்டை தொங்குபவர்கள். கருவி செய்யும் பட்டறைக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. சற்று வடக்கே தரமணியில் சென்ட்ரல் பாலிடெக்னிக். 1916-ல் மதராஸ் டிரேட்ஸ் ஸ்கூல் என்று தொடங்கி, 1946-ல் பாலிடெக்னிக் ஆனது. மூன்று வருஷ டிப்ளமோ முடித்தவரை கிண்டித் தொழிற்பேட்டையும் அம்பத்தூரும் வாங்கிக்கொண்ட காலம் உண்டு. டிப்ளமோக்காரர் லேத் முன்னால் நிற்பவரிடமும் பேசுவார், மேலே உட்கார்ந்திருக்கும் இன்ஜினியரிடமும் பேசுவார். தொழிற்சாலைக்கு அப்படி ஓர் ஆள் தேவைப்பட்டது.

இன்ஜினியர்களோ எண்ணக்கூடிய அளவில் இருந்தார்கள். கிண்டி, எம்.ஐ.டி., கோவை ஜி.சி.டி., பி.எஸ்.ஜி., காரைக்குடி, திருச்சி ஆர்.இ.சி. என்று விரல்விட்டு எண்ணத்தக்க கல்லூரிகள். 1980-களின் நடுவில் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தது. நுழைவுத் தேர்வும் அப்போதுதான் வந்தது, 2007-ல் போனது. பத்தாண்டுகளுக்கு முன் கல்லூரிகளின் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டி நின்றது. இடையில் 2000 ஜூலையில் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. அதன் பிறகு சாலையின் இரு பக்கமும் கண்ணாடிக் கட்டிடங்கள் தெற்கு நோக்கி வரிசையாக எழுந்தன. அன்றைய மென்பொருள் நிறுவனங்கள் ஏ.ஜி. அலுவலகம் செய்ததையே திரும்பச் செய்தன. மெக்கானிக்கலா, சிவிலா, டெக்ஸ்டைலா என்று பார்க்கவில்லை. பொறியியல் பட்டம் இருந்தால் போதும், மூன்று மாதப் பயிற்சியில் நிரல் எழுத வைத்தார்கள். கால்வாயின் இந்தப் பக்கம் வாடகைக்கு வந்து, ஐந்தாறு வருஷத்தில் அடுக்ககத்தில் வீடு வாங்கிய திருநெல்வேலி, நாமக்கல், விருதுநகர்ப் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தாத்தா கைநாட்டு, அப்பா எஸ்.எஸ்.எல்.சி., பிள்ளைக்கு வங்கிக் கடனில் கார். படிப்பு இவ்வளவு வேகமாகச் சோறு போட்ட காலம் தமிழ்நாட்டில் அதற்கு முன் இருந்ததில்லை.

அந்த வேகம் எங்கே நின்றது என்பதைப் பவுன் கணக்கில் சொன்னால் நம் வீடுகளில் சட்டென்று புரியும். 2007 வாக்கில் பெரிய மென்பொருள் நிறுவனத்தில் புதிதாகச் சேரும் பொறியாளருக்கு ஆண்டுக்கு மூன்று லட்சத்தை ஒட்டிய சம்பளம். பிடித்தம் போகக் கைக்கு வருவதில் மாதம் மூன்று பவுன் நகை வாங்கலாம். இன்றும் பெருங்கூட்டமாக எடுக்கப்படுபவர்களுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டித்தான் தருகிறார்கள். பவுனோ 2024-ல் ஐம்பதாயிரத்தைக் கடந்தது. அந்த விலையில் முதல் சம்பளத்துக்கு அரைப் பவுன். 2024 ஆகஸ்டில் காக்னிசண்ட் நிறுவனம் ஆண்டுக்கு 2.52 லட்சம் என்று அறிவித்ததும் இணையமெங்கும் கேலி பறந்தது. அது மூன்று வருஷப் பட்டதாரிகளுக்கானது, பொறியாளர்களுக்கு நான்கு லட்சத்திலிருந்து தொடங்குகிறோம் என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. விளக்கம் சரிதான். பி.எஸ்சி.க்காரரின் மாதச் சம்பளம் 21,000 என்பதும் சரிதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ.சி. பழுது பார்க்க வரும் ஐ.டி.ஐ. மெக்கானிக்குக்குக் கோடையில் அது பதினைந்து நாள் வரும்படி. இதை அவரே என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அவருடைய மகன் என்ன படிக்கிறான் என்று கேட்டேன். “பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சார். நம்ம மாதிரி ஏணியில ஏறவேணாம்னு பாத்தேன்” என்றார்.

அந்த மூன்றரை லட்ச வேலையும் எல்லோருக்கும் அமைவதில்லை. குறைந்த மதிப்பெண், சுமாரான கல்லூரி, இயந்திரவியல் அல்லது சிவில் என்று போனவர்களில் பலர் நேர்முகத் தேர்வுகளில் கழிந்துபோகிறார்கள். 2014-ல் தனுஷ் நடித்த ‘வேலையில்லா பட்டதாரி’யின் நாயகன் சிவில் இன்ஜினியர் என்பது தற்செயல் இல்லை. முப்பத்து நான்கு வருஷத்தில் சினிமாவின் வேலையில்லாதவன் பி.இ. ஆகியிருந்தான்.

இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமானால், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குக் காலையில் போக வேண்டும். 2010 செப்டம்பர் 15-ல் திறந்த அந்தப் பிரம்மாண்டமான கட்டிடத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பவர்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. கதவு திறக்கும் முன்பே வரிசை. ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ், முதுகுப் பை. பையைத் திறந்தால் ஆறாம் வகுப்புத் தமிழ், ஏழாம் வகுப்புச் சமூக அறிவியல், எட்டாம் வகுப்பு அறிவியல், பத்தாம் வகுப்புக் கணக்கு. மூன்று நிற மையில் அடிக்கோடு. ஓரங்களில் ஆண்டுகள், சங்க நூல்களின் ஆசிரியர் பெயர்கள், அணி இலக்கணம். படிப்பவருக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயது. நான்கு வருஷம் வெப்ப இயக்கவியலும் தளவமைப்பும் படித்துத் தேறியவர். டி.என்.பி.எஸ்.சி.யின் குரூப் 4 தேர்வுக்கு வினாக்கள் பெரும்பாலும் பள்ளிப் பாடநூல்களிலிருந்து வருவதால், பன்னிரண்டு வயதில் கடந்துவந்த புத்தகத்துக்கு அவர் திரும்பியிருக்கிறார்.

குரூப் 4 என்பது கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் பணிகளுக்கான தேர்வு. குறைந்தபட்சத் தகுதி அன்றைக்கு எஸ்.எஸ்.எல்.சி.; இன்றைக்கும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிதான். காகிதத்தில் எதுவும் மாறவில்லை. 2018-ல் 9,351 இடங்களுக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். 2024-ல் முதலில் அறிவித்த 6,244 இடங்களுக்கும் ஏறக்குறைய அதே இருபது லட்சம். 2025 ஜூலைத் தேர்வுக்கு அறிவிக்கப்பட்டவை 3,935. விண்ணப்பங்கள் பதின்மூன்று லட்சத்துக்கும் மேல். பத்தாவது மட்டும் படித்தவர் இந்தக் கூட்டத்தில் எங்கே நிற்பார்? சட்டப்படி நிற்கலாம். பி.இ.க்காரரோடும் எம்.எஸ்சி.க்காரரோடும் அதே வினாத்தாளில் மோதி வெல்லவேண்டும் என்பதால் நடைமுறையில் அந்தத் தகுதி வெறும் எழுத்தாகிவிட்டது. டைப்ரைட்டிங் சான்றிதழ் இன்னும் தட்டச்சர் பணிக்குக் கேட்கப்படுகிறது. ஆகவே பொறியாளர்கள் அந்தப் பழைய இன்ஸ்டிட்யூட்டுகளில் சேர்ந்து ஏ, எஸ், டி, எஃப் பழகுகிறார்கள். இன்ஸ்டிட்யூட் உரிமையாளர்களுக்கு இதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

வரிசை இன்னும் கீழே இறங்கியதும் உண்டு. 2019 தொடக்கத்தில் தலைமைச் செயலகத்தில் சட்டமன்றச் செயலகத்தின் 14 துப்புரவுப் பணியிடங்களுக்கு நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள், எம்.டெக்., எம்.பி.ஏ. படித்தவர்களும் அதில் இருந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் கோவை மாநகராட்சியின் 549 தூய்மைப் பணியாளர் இடங்களுக்கு ஏழாயிரம் பேர், அங்கும் பொறியாளர்கள். தொடக்கச் சம்பளம் 15,700 ரூபாய், நிரந்தரம். செய்தியைப் படித்துச் சிலர் அதிர்ந்தார்கள், சிலர் நையாண்டி செய்தார்கள். எனக்கு அந்த விண்ணப்பதாரர்கள் கணக்குத் தெரிந்தவர்களாகவே பட்டார்கள். தனியாரில் பன்னிரண்டாயிரம், எப்போது போகும் என்று தெரியாத வேலை. இங்கே பதினையாயிரம், யாரும் பிடுங்க முடியாத வேலை. தலைமுறை தலைமுறையாக ஒரே சாதியார் மீது சுமத்தப்பட்ட வேலைக்கு மற்றவர்களும் வரிசையில் வந்து நின்றது சம்பளத்தின் சக்தி.

அரசே படிப்புக்கு ஒரு விலை போட்டு வைத்திருக்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருஷம் காத்திருந்தவருக்கு உதவித்தொகை உண்டு: பத்தாவது தேறியவருக்கு மாதம் 300 ரூபாய், பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்பட்டம் பெற்றவர்களுக்குக் கிடையாது. அவர்கள் வேலையில்லாமல் இருக்கமாட்டார்கள் என்று விதி எழுதியவர் நினைத்த காலம் ஒன்று இருந்திருக்கிறது.

தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22-ல் 47 விழுக்காடு. அகில இந்திய சராசரி 28.4. பதினெட்டிலிருந்து இருபத்து மூன்று வயதுக்குள் இருப்பவர்களில் ஏறத்தாழ இரண்டு பேருக்கு ஒருவர் கல்லூரியில் என்று பொருள். பெண்கள் ஆண்களுக்குச் சற்றும் குறையவில்லை. இந்தச் சாதனையைச் சிறுமைப்படுத்த நான் தயாரில்லை. அதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய எண்களும் இருக்கின்றன. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024-ல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கைப்படி, 2022-ல் இளம் பட்டதாரிகளிடையே வேலையின்மை 29.1 விழுக்காடு, எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே 3.4 மட்டுமே. படிக்காதவனுக்கு வேலை கிடைக்கிறது, படித்தவனுக்கு இல்லை என்று இதைப் படிப்பது தவறு. படிக்காதவனால் சும்மா இருக்க முடியாது. காலையில் சித்தாள் வேலைக்குப் போகாவிட்டால் இரவு அடுப்பு எரியாது. அப்பாவின் சம்பளமோ அம்மாவின் மீன் கூடையோ இரண்டு வருஷம் தாங்கும் என்ற வீட்டுப் பிள்ளைதான் வேலையில்லாதவன் என்ற கணக்கில் வருகிறான். அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் 2023 அறிக்கை இதையே வயது வாரியாகக் காட்டியது: இருபத்தைந்துக்குக் கீழான பட்டதாரிகளில் 42 விழுக்காட்டினர் வேலையின்றி, முப்பத்தைந்தைத் தாண்டியவர்களில் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. கடைசியில் எல்லோரும் எதிலோ சேர்ந்துவிடுகிறார்கள். படித்ததற்கும் சேர்ந்ததற்கும் சம்பந்தம் உண்டா என்பதை அந்த எண் சொல்லாது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. ஆங்கிலேயச் சமூகவியலாளர் ரொனால்ட் டோர் 1976-ல் எழுதிய நூலில் இதைப் ‘பட்டய நோய்’ என்றார். அவர் எடுத்துக்கொண்ட நாடுகளில் ஒன்று இலங்கை. அங்கே 1971 ஏப்ரலில் கிளர்ச்சி செய்த இளைஞர்களில் பெரும்பாலோர் சிங்கள வழியில் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவர்கள். அதே ஆண்டு டட்லி சியர்ஸ் தலைமையில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் குழு கொழும்புக்குப் போய் வேலையின்மையை ஆராய்ந்தது. டோர் சொன்னதன் சாரம் இது: தொழில்மயமாதலில் பிந்தி வந்த நாடுகளில் வேலைகளைவிடப் படித்தவர்கள் வேகமாகப் பெருகுகிறார்கள், முதலாளி வேலையை மாற்றாமல் தகுதியை மட்டும் உயர்த்துகிறார், பிள்ளைகள் இன்னும் மேலே படிக்கிறார்கள், மறுபடி தகுதி உயர்கிறது. அன்று ஒருவர் எஸ்.எஸ்.எல்.சி.யோடு செய்த இளநிலை உதவியாளர் வேலையை அவர் பேரன் எம்.எஸ்சி.யோடு செய்ய வரிசையில் நிற்கிறான் என்று நாம் அதைச் சொல்லலாம்.

அப்படியானால் இன்னும் மேலே படித்தால்? எம்.இ.யின் கதை இதற்கு நல்ல பதில். இரண்டாயிரங்களில் எம்.இ. படித்தவருக்குக் கைமேல் வேலை கிடைத்தது, அதே பொறியியல் கல்லூரிகளில் விரிவுரையாளராக. கல்லூரி பெருகப் பெருக எம்.இ. தேவைப்பட்டது, எம்.இ. பெருகப் பெருகக் கல்லூரி திறக்க முடிந்தது. கடையை நடத்துபவரும் வாங்குபவரும் ஒரே வீட்டார். கல்லூரிகள் நானூற்றுச் சொச்சமாகச் சுருங்கியதும், இயந்திரவியல், சிவில் வகுப்புகள் காலியாகக் கிடந்ததும் அந்தப் படிப்பின் ஒரே பெரிய சந்தை அடைபட்டுப்போனது. அரசு கலைக் கல்லூரிகளிலோ முனைவர் பட்டமும் நெட் தேர்ச்சியும் உள்ள கௌரவ விரிவுரையாளர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மாதம் 25,000 ரூபாய், ஆண்டுக்குப் பதினோரு மாதம். ஆய்வேட்டுக்கு ஐந்து வருஷம் கொடுத்தவர், இருபத்தொரு வயதில் பெரிய கம்பெனியில் சேர்ந்த மாணவனின் முதல் சம்பளத்தில் நிற்கிறார்.

இவ்வளவையும் எழுதிவிட்டுக் கடற்கரைப் பக்கம் திரும்பினால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. கொட்டிவாக்கம் குப்பத்தில் கட்டுமரங்கள் போய் ஃபைபர் படகுகள் வந்துவிட்டன. காலை எட்டரை மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை நிறுத்தத்தில் நின்றால், குப்பத்துச் சந்துகளிலிருந்து கல்லூரிப் பை மாட்டிய பெண்கள் வருவார்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்குத் தொழிற்படிப்பில் கட்டணச் சலுகை 2010-லிருந்தே உண்டு. இந்தப் பெண்கள் முடித்ததும் மருத்துவமனைப் பில்லிங் கவுன்டரிலோ, தி.நகர் நகைக்கடையிலோ, பழைய மகாபலிபுரம் சாலைக் கால் சென்டரிலோ பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரத்துக்குச் சேருகிறார்கள். பட்டத்துக்கேற்ற சம்பளமா என்றால் இல்லை. பாட்டியின் தலையில் இருந்த கூடை இறங்கிவிட்டதா என்றால் இறங்கிவிட்டது. பதினெட்டில் நடக்கும் கல்யாணம் இருபத்து மூன்றுக்குத் தள்ளிப்போனதைச் சம்பளப் பட்டியலில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? வசதி படைத்தவர்கள் கையில் பட்டம் இருந்தபோது அதற்கு விலை இருந்தது. இவர்கள் கைக்கு வந்து சேர்ந்த நேரத்தில் விலை சரிந்திருக்கிறது. எனக்கு இதில் உறுத்துவது இந்த நேரப் பொருத்தம்தான்.

சாலையோரத்தில் மீன் விற்கும் அம்மா ஒருவரிடம் பல வருஷமாக வாங்குகிறேன். பெரிய பையன் ஊருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்தவன். அரசு ஒதுக்கீட்டிலேயே ஆண்டுக்கு ஐம்பதாயிரம் கல்விக் கட்டணம். பஸ், தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து நகை போனது. இப்போது உணவு டெலிவரிக்குப் போகிறான், இரவில் குரூப் 4-க்குப் படிக்கிறான்.

“படகுல போடான்னா போவ மாட்டேங்கிறான் சார். படிச்சவன்ல. அவங்கப்பாவும் வேணாம்னுட்டாரு. கடலு இப்ப முன்ன மாதிரி இல்ல, அதுவும் நெசந்தான்.”

சின்னவள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். எங்கே சேர்ப்பதாக உத்தேசம் என்று கேட்டேன்.

“நர்சுக்குப் போறேங்குது. இன்ஜினீர் வேணாம்னு அண்ணன்காரனே சொல்லிட்டான். பி.எஸ்சி. நர்சிங்கா, டிப்ளமாவான்னு ரெண்டு பேரும் சண்ட. டிப்ளமா மூணு வருசம், பி.எஸ்சி. நாலு வருசம். நீங்க சொல்லுங்க சார், ஒரு வருசம் கூடப் படிச்சா துட்டு கூட வருமா?”

பெரிய மருத்துவமனையில் போகப்போகப் பதவி உயர்வுக்கு பி.எஸ்சி. வேண்டியிருக்கும், வெளிநாடு போவதானாலும் அதுதான் கேட்பார்கள், தொடக்கச் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வஞ்சிரத்தைத் துண்டு போட்டபடியே கேட்டுக்கொண்டார்.

“அப்ப நாலு வருசமே போட்டும். கட்டற ஃபீசை மட்டும் மொதல்லயே கேட்டுக்கணும். போன தடவ கேக்காம சேத்துட்டோம்.”